வேலூர் வெயிலில் ஆம்ப்ளிஃபையருக்கு எவ்வளவு சூடு போதும்?

ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்து அரை மணி நேரம் கழித்துப் பாட்டுப் போடுங்கள் என்றால் சிலர் நம்புவதில்லை, வேறு சிலர் ஒரு படி மேலே போய் ராத்திரி பகலாக அணைக்காமலே வைத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் சரி. அணைக்காமல் வைப்பது, அதுவும் நம்ம வேலூரில், தப்பு.

வீடுகளில் இருக்கும் டிரான்சிஸ்டர் செட்களில் நிறைய கிளாஸ் ஏபி வகை. பாட்டு ஓடாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் வழியே கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், அதை முடிவு செய்வதுதான் பயாஸ். டிரான்சிஸ்டர் ஒரு டிகிரி சூடானால் அதைத் திறக்கத் தேவையான பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும், அதனால் கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினால் இன்னும் சூடாகும். இது கட்டுமீறிப் போகாமலிருக்க, பல செட்களில் சூட்டை வெளியேற்றும் அலுமினியப் பாகமான ஹீட் சிங்கிலேயே ஒரு சின்ன டிரான்சிஸ்டரைப் பொருத்தி, சூட்டுக்கு ஏற்ப பயாஸைக் குறைக்க வைத்திருப்பார்கள். ஆனால் அவ்வளவு கனமான அலுமினியம் சட்டென்று சூடாகாது, அதுவரை பயாஸ் ஒரு இடத்தில் நிற்காது. சர்வீஸ் மேனுவல்களில் செட்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அப்புறம் பயாஸ் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். பயாஸ் குறைவாக நிற்கிற செட்டில் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன், அதாவது ஒலி அலை மேல் பாதியிலிருந்து கீழ்ப் பாதிக்கு மாறும் இடத்தில் வரும் சிதைவு, கூடும். சத்தமாக வைத்தால் பிடிபடாது, வீணையில் ஒரு சுரம் மெல்லக் கரைந்து அடங்குகிற இடத்தில்தான் லேசாகச் சொரசொரக்கும். நல்ல செட்டில் இது மிகவும் சின்ன வித்தியாசம், ஆனாலும் நான் காத்திருந்துதான் கேட்கிறேன்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் இருக்கும் வால்வ் செட்டில், குழாய்க்குள் இருக்கும் ஹீட்டர் சூடாகாமல் சத்தமே வராது. டிரான்சிஸ்டர்கள் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் கிளாஸ் டி வகைக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

அணைக்காமல் வைப்பதற்கு வருகிறேன். சத்துவாச்சாரியில் இருக்கும் நண்பர் ஒருவர் பாட்டு ஓடாவிட்டாலும் நிறைய கரண்ட் இழுக்கும் தன் கிளாஸ் ஏ செட்டை அப்படித்தான் வைத்திருக்கிறார். 200 வாட் இழுக்கும் செட் ஒரு நாள் முழுக்க ஓடினால் 4.8 யூனிட், பாட்டே கேட்காவிட்டாலும். கரண்ட் பில்லாவது கட்டித் தீர்ந்துவிடும், உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் கதை வேறு: வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அக்னி நட்சத்திரத்தில் இங்கே வெளியே 40 டிகிரியைத் தாண்டும், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையைக் கேட்கவே வேண்டாம். அந்த அறையில், கதவு போட்ட ஷெல்ஃபுக்குள் செட்டை அடைத்து, நாள் முழுக்க ஓடவிட்டால் கெபாசிட்டர் எத்தனை வருஷம் தாங்கும்?

வேலையிலிருந்து வந்ததும் ஆன் செய்யுங்கள், குளித்து காபி குடித்துவிட்டு வந்து உட்காருங்கள், போதும். செட்டுக்கு மேலே காற்றுப் போக இடம் விடுங்கள். நடுவில் கரண்ட் போனால் சுவிட்சை அணைத்துவிட்டு, திரும்ப வந்ததும் வோல்டேஜ் நிதானமாகும்வரை பொறுத்துப் போடுங்கள்.