அவிசாவளை வந்தால் நின்றுபோகும் ஏசி

எங்கள் கார் 1998ஆம் ஆண்டு கொரோலா 110. ஹட்டனில் இருக்கும்வரை ஏசியில் ஒரு குறையும் தெரியாது. மூடுபனி இறங்கும் நாட்களில் முன் கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கத்தான் போடுவோம், இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். ஆனால் அம்மாவை மாதாமாதம் கொழும்பு கிளினிக்குக் கூட்டிப் போகும்போது, கினிகத்தேனை இறங்கி, கித்துல்கல, எட்டியாந்தோட்டை என்று வெக்கை ஏற ஏற, அவிசாவளைக்குள் நுழைவதற்குள் சூடான வெறும் காற்றுதான் வரும்.

கராஜில் காலை ஏழரை மணிக்கு, இன்ஜின் ஓடாமல், கேஸின் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்தார்கள். 60 பிஎஸ்ஐ. "கேஸ் குறைவு" என்று நிரப்பினார்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் அதே சூடு, மறுபடியும் நிரப்பினோம். பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன், இந்த ஏசியில் இருக்கும் ஆர்134ஏ என்ற குளிரூட்டும் கேஸ் உள்ளே கொஞ்சமாவது திரவமாக இருக்கும்வரை, நின்றிருக்கும் வண்டியில் கேஜ் காட்டுவது கேஸின் அளவை அல்ல, அன்றைய வெப்பநிலையைத்தான். 30 பாகையில் 97 பக்கம் காட்டும், 20 பாகையில் 68தான். ஹட்டன் குளிரில் விடியக்காலை 60 காட்டியதை வைத்து கேஸ் குறைவு என்று சொல்லவே முடியாது, கொழும்புக் கணக்கை வைத்துப் பார்த்ததால் வந்த பிழை. இன்னொன்று, ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் நிரப்பச் சம்மதிக்காதீர்கள்.

மூன்றாவது பயணத்தில் ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். அவிசாவளைக்குச் சற்று முன்னால் சூடு காற்று வந்ததும் ஓரங்கட்டி, ஏசியை அணைக்காமல் பொனட்டைத் திறந்தேன். அம்மா, "ஏன் தம்பி, கண்ணாடிய எறக்கிட்டே போயிருவோமே" என்றார். ஐந்து நிமிடம் பொறுங்கம்மா என்று சொல்லிவிட்டுப் பார்த்தால், கேஸை அழுத்தும் கம்பிரசரின் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) பெல்ட்டோடு சுற்றுகிறது, அதன் முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டு அசையாமல் நிற்கிறது. மின்காந்தம் இழுத்து இந்தத் தட்டு புல்லியோடு ஒட்டினால்தான் கம்பிரசர் வேலை செய்யும். கிளட்சுக்குப் போகும் வயரில் மீட்டரை வைத்தேன் (பெல்ட் பக்கம் கையும் சட்டையும் போகாமல் கவனம்). 13 வோல்ட்டுக்கு மேல் வந்துகொண்டிருந்தது.

அந்த ஒரு எண்ணிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. கேஸ் மிகவும் குறைந்திருந்தால் பிரஷர் சுவிட்ச் மின்சாரத்தை வெட்டியிருக்கும். ரிலே, பியூஸ், கூலிங் கொயில் சென்சர் எதில் பிழை இருந்தாலும் வயருக்கு மின் வந்திருக்காது. மின் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் கோளாறு கிளட்சிலேயேதான்.

இருபது நிமிடம் இன்ஜினை அணைத்து ஆறவிட்டுப் போட்டேன். 'டக்' என்று ஒட்டி, குளிர் வந்தது! கராஜில் கேஸ் நிரப்பிய பிறகு ஏசி ஏன் நன்றாக வேலை செய்தது என்பது அப்போதுதான் விளங்கியது. வண்டி ஆறியிருந்தது, அவ்வளவுதான்.

ஹட்டன் திரும்பி வேறொரு ஏசி பாஸிடம் (மெக்கானிக்) காட்டினேன். பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள கிளட்ச் இடைவெளியை அளந்தார், கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டியது. வருடக்கணக்கில் தட்டு தேயத் தேய இடைவெளி கூடியிருக்கிறது. கிளட்சின் மின்காந்தச் சுருள் சூடானால் அதன் மின்தடை ஏறி, காந்த இழுப்பு குறையும், அவ்வளவு தூரத்துத் தட்டை அதனால் இழுக்க முடியாது. நடு போல்ட்டைக் கழற்றி உள்ளே இருந்த மெல்லிய ஷிம் (இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் வளையத் தகடு) ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டினார். கேஸில் கை வைக்கவே இல்லை. சவர்க்கார நுரை போட்டு எல்லா இணைப்பையும் பார்த்தார், எங்கும் குமிழி வரவில்லை.

அப்புறம் நான்கு தடவை கொழும்பு போய் வந்துவிட்டோம், அவிசாவளையிலும் குளிர் நிற்கவில்லை. இனி எடுக்க ஷிம் இல்லை, அடுத்த முறை தேய்ந்தால் கிளட்ச் தட்டையே மாற்ற வேண்டும் என்று பாஸ் சொல்லியிருக்கிறார். பழைய 110இலிருந்து கழற்றிய நல்ல தட்டு ஒன்றை இப்போதே தேடிக்கொண்டிருக்கிறேன்.