மனநலக் கிளினிக்குக்கு மென்பொருள் வாங்கும்போது நான் கேட்ட கேள்விகள்

பெரம்பூரில் புறநோயாளிகளை மட்டும் பார்க்கும் ஒரு சிறிய மனநலக் கிளினிக்கை நடத்திவருகிறேன். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, காசிமேடு ஆகிய பகுதிகளிலிருந்தும், சில சமயம் எண்ணூரிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். அட்டைக் கோப்புகளை விட்டு மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கு நாங்கள் மாறியதை அறிந்த சக மருத்துவர்கள், எந்த மென்பொருளை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்வது எளிது; ஆனால் விலையும் வசதிகளும் அடிக்கடி மாறுகின்றன. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை என்பதால் அவற்றையே இங்கு எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனநல மருத்துவத்தில் ஒரு பதிவேட்டின் எந்த வரியை யார் பார்க்கலாம் என்பதை மருத்துவர் தீர்மானிக்க முடியாவிட்டால், அந்த மென்பொருளில் வேறு எத்தனை வசதிகள் இருந்தாலும் அதை வாங்கக் கூடாது. சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை காய்ச்சலையும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. அங்கே எல்லோரும் எல்லாவற்றையும் பார்ப்பது வேலையை விரைவுபடுத்தும். எங்கள் துறையில் அதுவே நோயாளியைக் காயப்படுத்தும்.

வடசென்னையில் இந்தக் கவலை ஏட்டளவில் நிற்பதில்லை. வரவேற்பில் அமர்ந்திருக்கும் பெண்ணும் சிகிச்சைக்கு வரும் பெண்ணும் ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே லாரித் தண்ணீருக்குக் குடம் வைப்பவர்களாக இருக்கலாம். 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே ஏளனச் சொல்லாக மாற்றி வைத்திருக்கும் நகரம் இது. அங்குள்ள, 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இத்தனை தலைமுறைகளுக்குச் சிகிச்சை அளித்த பிறகும் அந்த ஏளனம் போகவில்லை. தண்டையார்பேட்டையில் மருத்துவர் இருந்தும் பேருந்து ஏறிப் பெரம்பூருக்கு வருகிறவர்கள், தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்றுதான் வருகிறார்கள். அப்படி வருகிறவரின் நோயின் பெயர் வரவேற்பறைத் திரையில் எல்லோருக்கும் தெரியும்படி நின்றால், அவர் கொடுத்த பேருந்துக் கட்டணம் வீண்.

ஆகவே செயல்விளக்கம் காட்ட வருபவரிடம் மருத்துவரின் கணக்கில் நுழைந்து காட்டச் சொல்லாதீர்கள். வரவேற்பாளரின் கணக்கில் நுழையச் சொல்லுங்கள். பல மென்பொருள்கள் சிகிச்சைக் குறிப்புகளின் பக்கத்தை வரவேற்பாளருக்கு மறைத்துவிட்டு, அதே தகவலை வேறு மூன்று வழிகளில் காட்டிக்கொடுக்கின்றன. பெயரைத் தேடும்போது வரும் பட்டியலில் நோய்க்குறியீடு தெரியும். பில்லில் எந்த வகை ஆலோசனை என்று அச்சாகும். அடுத்த சந்திப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் மருத்துவர் எழுதிய வரி அப்படியே நிற்கும். இந்த மூன்றையும் ஒரு கற்பனை நோயாளியின் பெயரில் பதிந்து சோதித்துப் பார்த்த பிறகே விலையைப் பேச வேண்டும்.

குறுஞ்செய்தி இன்னும் ஆபத்தானது. எங்களிடம் வரும் பல குடும்பங்களில் ஒரே கைபேசிதான் உண்டு. சிலர் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுக்கிறார்கள். 'உங்கள் மனநல ஆலோசனை நாளை மாலை' என்று ஒரு நினைவூட்டல் அந்தத் திரையில் தோன்றினால், கிளினிக் செய்த எல்லா நன்மையும் ஒரே நொடியில் அழிந்துவிடும். நினைவூட்டலின் வாசகத்தை நாமே எழுத முடிகிறதா, துறையின் பெயரையும் மருந்தின் பெயரையும் நீக்க முடிகிறதா, குறிப்பிட்ட நோயாளிக்குச் செய்தியே போகாதபடி நிறுத்த முடிகிறதா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பல விற்பனையாளர்களிடம் பதில் இருக்கவில்லை.

பதிவேட்டுக்குள்ளேயும் இரண்டு அடுக்குகள் தேவை. மனைவி தனியே வந்து, கணவர் குடித்துவிட்டு அடிப்பதைச் சொல்கிறார். அது கணவரின் சிகிச்சைக்கு இன்றியமையாத தகவல், அதனால் கணவரின் கோப்பில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் கணவர் தம் பதிவுகளைக் கேட்டால், அந்த வரி அவர் கையில் கிடைப்பது அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை விளக்கத் தேவையில்லை. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 23-இல் இரகசியம் காக்கப்படும் உரிமையையும், பிரிவு 25-இல் தம் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையையும் நோயாளிக்கு ஒருசேரத் தருகிறது. நோயாளிக்குக் கடுமையான மனப் பாதிப்போ பிறருக்குத் தீங்கோ நேரக்கூடும் என்றால், குறிப்பிட்ட பகுதியை மட்டும் மருத்துவர் நிறுத்திவைக்கலாம். அப்படிச் செய்தால், மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சட்டத்தின்படி நடக்க வேண்டுமானால், ஒரு குறிப்பைத் தனியே பூட்டிவைக்கவும், 'முழுச் சுருக்கம்' என்று அச்சிடும்போது அது சேராமல் இருக்கவும் மென்பொருள் இடம்கொடுக்க வேண்டும். யார், எந்த நேரத்தில், எந்தக் கோப்பைத் திறந்தார் என்ற தடமும் அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும். மணவிலக்கு வழக்குகளில் எதிர்த்தரப்பு மனநலப் பதிவுகளைத் தேடி அலைவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அவசியம் தெரியும்.

"டாக்டர், எல்லாமே கிளவுட்ல பத்திரமா இருக்கும், நீங்க கவலையே படாதீங்க" என்று விற்பனைப் பிரதிநிதி சொல்லும்போது, பின்லாந்து நாட்டு வஸ்தாமோவை நான் நினைத்துக்கொள்கிறேன். பல ஊர்களில் உளவியல் சிகிச்சை மையங்களை நடத்திய நிறுவனம் அது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகள் திருடப்பட்டது 2020 அக்டோபரில் வெளியே தெரிந்தது. நிறுவனம் பணம் கொடுக்க மறுத்ததும், திருடியவன் நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பி, இருநூறு யூரோ கொடுக்காவிட்டால் அவர்கள் சிகிச்சையாளரிடம் பேசியதை வெளியிடுவதாக மிரட்டினான். சிலருடைய குறிப்புகள் உண்மையிலேயே வெளியிடப்பட்டன. 2021-இல் நிறுவனம் திவாலாயிற்று. 2024-இல் குற்றவாளிக்கு ஆறு ஆண்டு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. திருடுபோன கடன் அட்டைக்குப் பதிலாக வேறு எண் வாங்கலாம். சிறுவயதில் தமக்கு நேர்ந்ததை ஒருவர் முதன்முறையாகச் சொன்ன வார்த்தைகளுக்கு மாற்று எண் கிடையாது. நம் நாட்டிலும் 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டு, வேலைகள் பல நாட்கள் காகிதத்தில் நடந்தன.

எனவே சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, தரவு அங்கே மறையாக்கம் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றுதல்) செய்யப்பட்டிருக்கிறதா, நிறுவனத்தின் ஊழியர் யாராவது நம் குறிப்புகளைப் படிக்க முடியுமா, கடவுச்சொல்லுக்கு மேல் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. உண்டா, பேக்கப்பை உண்மையிலேயே மீட்டெடுத்துச் சோதிக்கிறார்களா என்று கேட்டு, பதில்களை எழுத்தில் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அமைப்பில், தகவலைத் திரட்டுபவர் என்ற முறையில் கிளினிக்தான் பொறுப்பாளி. நமக்காகத் தரவைக் கையாளும் மென்பொருள் நிறுவனம் தவறினாலும் நாம் விலகிக்கொள்ள முடியாது.

இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைப் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பிராக்டிஸ் ஃபியூஷன் என்ற நிறுவனம் விளம்பர வருமானத்தை நம்பி, மருத்துவர்களுக்கு இலவசமாகப் பதிவேடு கொடுத்துப் பெரிய அளவில் வளர்ந்தது. ஓபியாய்டு என்னும் அபின் வகை வலிநிவாரணி தயாரிக்கும் நிறுவனமொன்றிடம் பணம் பெற்றுக்கொண்டு, மருத்துவரின் திரையில் தோன்றும் வலி சிகிச்சை எச்சரிக்கைகளை அதற்குச் சாதகமாக வடிவமைத்த குற்றத்துக்காக, 2020 ஜனவரியில் 14.5 கோடி டாலர் கொடுக்க அது ஒப்புக்கொண்டது. நோயாளியின் நலனுக்காக வந்த அறிவுரை என்று நம்பித்தானே அந்த மருத்துவர்கள் திரையைப் பார்த்திருப்பார்கள்? யார் பணம் கொடுக்கிறார் என்பது தெரியாத மென்பொருளை என் மேசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஓப்பன்எம்ஆர்எஸ், அதன் மேல் அமைந்த பாம்னி போன்ற திறமூல (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள்கள் வேறு வகை. அவை நேர்மையானவை, ஆனால் நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும். எங்கள் கிளினிக்கின் அளவுக்கு அது இயலவில்லை.

சிகிச்சை தொடர்பான வசதிகளில் நான் முதலிடம் கொடுப்பது, வாக்கியங்களாக எழுத இடம் இருப்பதற்கு. கட்டங்களில் டிக் செய்து முடிக்கும் மனநிலைப் பரிசோதனை, ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது எந்த மனிதரையும் நினைவுபடுத்துவதில்லை. 'காதில் யாரோ பேசுவதுபோல இருக்கு' என்றவர் பயன்படுத்திய சொற்களே நோயறிதலுக்குச் சான்று; அவற்றைத் தமிழிலேயே தட்டச்சு செய்ய முடிய வேண்டும். அதற்கு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடு கட்டாயம். சொந்த எழுத்துருவில் தமிழைச் சேமிக்கும் பழைய மென்பொருள்களிலிருந்து வெளியேறும் நாளில், பல ஆண்டுக் குறிப்புகள் புரியாத குறிகளாக மாறிவிடும். முந்தைய வருகையின் குறிப்பை அப்படியே நகலெடுக்கும் பொத்தானை நான் அணைத்துவிட்டேன். தற்கொலை எண்ணம் இல்லை என்ற வரி யாரும் கேட்காமலேயே மாதந்தோறும் நகலாகிக்கொண்டு போவதற்கு அந்தப் பொத்தானே போதும்.

முதல் வருகையிலேயே ஐசிடி குறியீட்டை (நோய்களுக்கான உலகப் பொதுக் குறியீடு) பதிந்தால்தான் கோப்பைச் சேமிக்க விடுவேன் என்று அடம்பிடிக்கும் மென்பொருளையும் தவிர்த்தேன். திடீரென்று தூக்கமின்றிப் பிதற்றும் இளைஞருக்கு இன்று எஃப்23 (திடீரெனத் தோன்றும் தற்காலிக மனநோய்) என்று எழுதுவோம். ஓராண்டு கழித்து அது எஃப்31 (இருமுனைக் கோளாறு) ஆகலாம், எஃப்20 (மனச்சிதைவு) ஆகலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். 'தற்காலிகம்' என்று குறிக்கவும், பின்னர் மாற்றவும், மாற்றிய வரலாறு தெரியவும் வேண்டும்.

அடுத்தது, காலம் தவறக் கூடாத பரிசோதனைகள். இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவருக்கு, இரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6-க்கும் 1.0 மில்லிமோலுக்கும் இடையில் இருக்க வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். துறைமுகத்தில் சுமை தூக்குபவரும் காசிமேட்டில் மீன் ஏற்றுபவரும் அக்னி நட்சத்திர வெயிலில் வியர்த்து, உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டால், அதே அளவு லித்தியம் நஞ்சாகக்கூடும். ஆகவே ஏப்ரல் பிறந்ததும் லித்தியம் எடுக்கும் எல்லோருடைய பட்டியலையும், கடைசிப் பரிசோதனைத் தேதியோடு ஒரே பக்கத்தில் எடுக்க முடிய வேண்டும் என்பது என் நிபந்தனையாக இருந்தது. மனச்சிதைவுக்கான க்ளோசபின் மருந்தைத் தொடங்கியவர்களுக்கு முதல் சில மாதங்கள் வாரந்தோறும் வெள்ளையணுக்களை எண்ண வேண்டும். ஹாலோபெரிடால் டெக்கனோயேட் போன்ற நீண்டகால ஊசிகளுக்குத் தேதி தவறியவர்களின் பட்டியல் காலையிலேயே வேண்டும். இவற்றை அறிக்கையாக எடுக்க முடியாத மென்பொருளைவிட ஒரு நல்ல நாட்குறிப்பேடு மேல்.

மருந்துச் சீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்தின் பெயர் தெளிவான ஆங்கிலப் பெரிய எழுத்தில், எப்போது எத்தனை என்பது தமிழில் அச்சாக வேண்டும். பேரனுக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கும் பாட்டியும் படிக்க வேண்டிய தாள் அது. சீட்டின் தலைப்பில் நோயின் பெயர் அச்சாவதை நிறுத்தும் வசதி இருக்கட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் தண்ணீரிலும் இருட்டிலும் கிடந்தன. மருந்து நனைந்துபோயிற்று என்று வருகிறவருக்கு அவருடைய கடைசி மருந்துப் பட்டியலாவது உடனே வேண்டும். இணையம் இல்லாதபோதும் கடைசி வருகைகளைப் படிக்க முடிகிறதா என்று கேட்டேன். 'முடியும்' என்ற பதிலோடு நிற்காமல், மோடத்தை அணைத்துக் காட்டச் சொன்னேன். முன்னணி என்று விளம்பரம் செய்துகொண்ட ஒன்று அந்த இடத்திலேயே வெள்ளைத் திரையாக நின்றுவிட்டது.

ஆபா எண்ணோடு, அதாவது அரசின் மின்னணு மருத்துவக் கணக்கு எண்ணோடு, இணைப்பது பற்றி: 2021-இல் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நல்ல நோக்கம் கொண்டது. ஆனால் அந்தப் பதினான்கு இலக்க எண்ணோடு மனநலப் பதிவை இணைப்பது நோயாளியின் விருப்பம். நோயாளிக்கு நோயாளி கேட்டு இணைக்கும்படி அமைக்க முடிந்தால் போதும். எல்லோரையும் தானாக இணைக்கும் அமைப்பை ஏற்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், விலகும் விதியைப் படியுங்கள். சந்தாவை நிறுத்தினால் எத்தனை நாட்களுக்குள், எந்த வடிவத்தில் பதிவுகளைத் திருப்பித் தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணமா, அவர்களிடம் உள்ள பிரதிகளை அழித்ததற்கு எழுத்துப்பூர்வச் சான்று தருவார்களா என்பவை அதில் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த பக்கங்களைப் பி.டி.எஃப்.-ஆக மட்டும் தருவது போதாது. மருந்துகளும் பரிசோதனை அளவுகளும் வேறு மென்பொருளில் ஏற்றக்கூடிய அட்டவணைகளாக வர வேண்டும். சோதனைக் காலத்திலேயே ஒருமுறை முழுமையாக இறக்கி, தமிழ் வரிகள் சிதையாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

நாங்கள் எடுத்தது, இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எழுத்தில் பதில் தந்த, அதிகம் பேசப்படாத ஒரு சிறிய நிறுவனத்தின் மென்பொருள். நியமனப் பிரதிநிதியின் (நோயாளி தம் சார்பில் முடிவெடுக்க நியமிப்பவர்) பெயரையும், முன்கூட்டிய அறிவுறுத்தலையும் (எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று நோயாளி முன்பே எழுதிவைப்பது) பதிய அதில் தனி இடம் இல்லை. இப்போதைக்கு அவற்றைக் கோப்பின் முதல் குறிப்பாகப் பொருத்தி வைத்திருக்கிறோம், தனிக் கட்டம் கேட்டுக் கடிதமும் எழுதியிருக்கிறோம். பழைய அட்டைக் கோப்புகளை மொத்தமாக ஸ்கேன் செய்யவில்லை. தொடர்ந்து வருபவர்களுக்கு மட்டும், அவர்கள் அடுத்து வரும் நாளில், நோயறிதலையும் ஒத்துக்கொண்ட, ஒத்துக்கொள்ளாத மருந்துகளையும் நானே படித்துத் தட்டச்சு செய்கிறேன். கணினியில் தம் பெயரே வேண்டாம் என்று சொன்ன ஒரு சிலருடைய கோப்புகள் இன்னும் பூட்டிய அலமாரியில் காகிதமாகவே தொடர்கின்றன. லித்தியம் பட்டியலில் அவர்களுக்கும் இடம் வேண்டும் என்பதால், ஒரு குறியீட்டு எண்ணை மட்டும் அவர்கள் சம்மதத்தோடு சேர்த்திருக்கிறோம்.