மனுவை எங்கே கொடுப்பது?

சட்ட ஆவணங்களைத் தமிழில் பெயர்ப்பது என் தொழில். பெரும்பாலும் கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, ஜாமீன் உத்தரவு. 2024-இல் கடலூர்ப் பக்கம் ஒரு சட்டத் தன்னார்வலர் பயிற்சிக்காக, உச்ச நீதிமன்றத்தின் கானமயில் தீர்ப்பிலிருந்து சில பத்திகளைக் கேட்டார்கள்.

தமிழ்நாட்டில் அற்றுப்போன கானமயில் இன்று ராஜஸ்தானிலும் குஜராத்திலும்தான் பெரிதும் மிஞ்சியிருக்கிறது. கனத்த பறவை, நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாமல் மின்கம்பியில் மோதிச் சாகிறது. 2021 ஏப்ரலில் நீதிமன்றம் சுமார் 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மேலே போகும் கம்பிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அரசு திரும்பி வந்து, உயர் அழுத்தக் கம்பியை அவ்வளவு தூரம் புதைக்க முடியாது, அங்கே சூரிய மின்சாரம் முடங்கினால் நிலக்கரியைத்தான் எரிக்க வேண்டிவரும் என்றது. 2024 மார்ச் 21-இல் நீதிமன்றம் உத்தரவை மாற்றி, நிபுணர் குழுவிடம் விட்டது. பின்வாங்கிவிட்டார்கள் என்று நண்பர்கள் வருந்தினார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது. கம்பி எந்த வழியாகப் போவது என்பது நீதிபதியின் மேசையில் தீரும் கணக்கு அல்ல.

என்னைத் திணறடித்தது வேறொரு வரி. காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளுக்கு 'எதிரான உரிமை', சமத்துவத்தையும் உயிர்வாழ்வையும் காக்கும் அரசமைப்பின் 14, 21-ஆம் உறுப்புகளில் உண்டு என்கிறது அதே தீர்ப்பு. அப்படியே எழுதினால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. மூன்று முறை அடித்துத் திருத்தி, 'பாதிப்பிலிருந்து காக்கப்படும் உரிமை' என்று வைத்தேன். காலநிலைக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது.

பயிற்சியில் இதை வாசித்ததும் மீனவர் குப்பத்து அம்மா ஒருவர் எழுந்தார். "ஏம்மா, இந்த உரிமை கிடைக்கலேன்னா மனுவ எந்த ஆபீசுல குடுக்கணும்?"

ஜெர்மனியில் 2021-இல் அரசமைப்பு நீதிமன்றம், 2030-க்குப் பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்பது காலநிலைச் சட்டத்தில் போதுமான அளவு இல்லை என்றது. சில மாதங்களிலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பசுங்குடில் வாயு உமிழ்வை நிகர அளவில் பூஜ்யமாக்க 2050 என்றிருந்த இலக்கை 2045 ஆக்கியது. குறை சொல்ல அங்கே ஒரு சட்டம் இருந்தது. நம் நாடாளுமன்றம் அப்படி ஒன்றை இயற்றினால், அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லத் தாலுகா அலுவலகத்தில் ஒருவராவது பொறுப்பாவார். அன்று என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான்: உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது உரிமையைக் காக்க அரசுக்கு உத்தரவிடும்படி நேரடியாகக் கேட்கும் மனு.

"சென்னைக்கா?" என்று கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டார்.