ஆண் கடல் உப்பா பெண் கடல் உப்பா: எங்க ஒம்பதாம் வகுப்போட ராமேஸ்வரம் டூர்

ரெண்டு வாரமா எழுதணும் எழுதணும்னு நெனச்சு இன்னைக்குத்தான் உக்காந்திருக்கேன். நடுவுல கலைத்திருவிழாவுக்கு ஒயிலாட்டம் பிராக்டீஸ், கபடி டீம் ஜோனல்ல செமி ஃபைனல் வரைக்கும் போயி தோத்து வந்தது, ஹைடெக் லேப்ல ரெண்டு சிஸ்டம் படுத்தது, இதெல்லாம் தனிக்கதை. கபடிப் பயலுக இன்னும் ரெஃப்ரியைத்தான் திட்டிக்கிட்டு திரியுறானுக.

நாங்க உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி. நான் சயின்ஸ் டீச்சர். ஒம்பதாம் வகுப்புல மொத்தம் 41 பேரு, அதுல கடலை நேர்ல பாத்தவங்க கைய தூக்குங்கன்னு ஜூன் மாசம் ஒரு நாள் சும்மா கேட்டேன். ஆறு கைதான் வந்துச்சு. அதுல ஒருத்தன் வைகை டேமைச் சொல்றான்னு அப்புறம் விசாரிச்சாத்தான் தெரியுது. அந்த வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம், அன்னைக்கே "டீச்சர் எப்ப கூட்டிட்டுப் போறீங்க"ன்னு ஆரம்பிச்சது, ஆடி பிறந்த மூணாவது நாள் சனிக்கிழமை மதுரை ஜங்ஷன்ல கொண்டுவந்து நிறுத்திருச்சு.

பஸ்ல போனா செலவு கட்டாதுன்னு ரயில்ல போனோம். கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கல்விச் சுற்றுலாவுக்கு செகண்ட் கிளாஸ்ல 75 சதவீதம் சலுகை இருக்கு, நிறைய டீச்சர்களுக்கே இது தெரியல, ஹெச்எம் கையெழுத்தும் சீலும் போட்ட ஃபாரம் வேணும், கொஞ்சம் முன்கூட்டியே அலையணும், அவ்வளவுதான். ஃபாரம்கூட சுலபமா முடிஞ்சிருச்சு, பொம்பளைப் பிள்ளைகளோட வீட்டுல பேசி சம்மதம் வாங்குறதுக்குத்தான் ரெண்டு வாரம் ஆச்சு. ஒரு அம்மா கையெழுத்தே போடல, மூணு நாள் கழிச்சு அவங்களே ஸ்கூலுக்கு வந்து "கடல்ல எறக்க மாட்டீகல்ல, சத்தியம் பண்ணுங்க"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பண்ணினேன். அந்தச் சத்தியத்தாலதான் பின்னாடி பி.டி. சாரோட பேண்ட் நனைஞ்சது, அதுக்கு வர்றேன்.

விடிகாலை மூணு மணிக்கு சத்துணவு அக்கா புளிசோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் 46 பொட்டலம் கட்டி வேன்ல ஏத்திவிட்டாங்க. அவங்களும் வரணும்னு ஆசைதான், வீட்டுல ஆடு குட்டி போடுற நேரமாம். வேன்காரர் முந்தின நாள் பேசின வாடகையை மதுரை வந்ததும் மாத்திப் பேசினதை இங்க விரிவா எழுதி பிபியை ஏத்திக்கப் போறதில்ல.

பாசஞ்சர் ரயில் ஏழு மணிக்கு முன்னாடி கிளம்பி திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடின்னு நின்னு நின்னு போகுது. நாங்க கமெண்ட்ரின்னு கூப்பிடுற ஒரு பய இருக்கான், எதைப் பாத்தாலும் கிரிக்கெட் மேட்ச் மாதிரி சத்தமா சொல்லிக்கிட்டே வருவான். "இதோ கருவேலங்காடு, மறுபடியும் கருவேலங்காடு, இப்ப ஒரு ஆடு, ஆட்டுக்குப் பின்னால கருவேலங்காடு." ராமநாதபுரம் தாண்டுற வரைக்கும் அவன் சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்ல. உச்சிப்புளி தாண்டினதும் மண்ணு நிறம் மாறி பனைமரம் வர ஆரம்பிச்சுது, மண்டபத்துல காத்துல ஒரு வாடை, "டீச்சர் யாரோ கருவாடு கொண்டு வந்துருக்காக"ன்னு ஒருத்தி மூக்கைப் பொத்தினா. யாரும் கொண்டு வரலடி, ஊரே அப்படித்தான்.

அப்புறம் பாலம். பழைய பாம்பன் பாலம் 1914ல திறந்தது, 2022 டிசம்பரோட அதுல ரயிலை நிறுத்திட்டாங்க. பக்கத்துலயே கட்டின புதுப்பாலத்தை 2025 ஏப்ரல் 6ல திறந்து வச்சாங்க. ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கப்பல் போறதுக்கு நடுவுல 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு இருக்கு, பழைய பாலத்துல அது ரெண்டா பிரிஞ்சு கை கூப்பின மாதிரி மேல போகும், அதை ஆளுக நின்னு கையால சுத்துவாங்க. புதுசுல அந்தத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேல ஏறிடும். இதெல்லாம் சார்ட்ல படம் வரைஞ்சு, எதிர் எடை, கப்பின்னு ஒரு பீரியட் முழுக்க நடத்தி ரெடி பண்ணித்தான் கூட்டிட்டுப் போனேன். ரயில் பாலத்துல ஏறினதும் ஒரு பயபுள்ள அதைக் கவனிக்கல. ஒரு பக்கம் பழைய பாலம், அதுக்கு அங்கிட்டு ரோட்டுப் பாலம், இங்கிட்டு ஜன்னல்ல பாத்தா எதுவுமே இல்ல, கம்பிகூடத் தெரியாம ரயிலே தண்ணி மேல போற மாதிரி வெறும் கடல். 41 பேரும் இந்தப் பக்கம் வந்து ஒட்டிக்கிட்டாங்க. கமெண்ட்ரி வாயைத் திறந்தான், "இதோ..."ன்னு ஆரம்பிச்சவன் அதுக்கு மேல எதுவும் சொல்லல. அவன் முகத்தைப் பாத்ததுல லிஃப்ட் துண்டு எப்ப கடந்துச்சுன்னு எனக்கே தெரியாமப் போச்சு. ஒரு பீரியட் வேஸ்ட்.

ராமேஸ்வரம் எறங்கி கோயிலுக்கு நடந்தே போனோம், மூணாம் பிரகாரத்துல ஒரு சுத்து, தீர்த்தம் குளிக்கிற வரிசையைப் பாத்துட்டு வேணாம்னு வெளிய வந்துட்டோம், ஒரு மணிக்கு நடை சாத்திடுவாங்க, அதுக்குள்ள அக்னி தீர்த்தக் கரையில உக்காந்து பொட்டலத்தைப் பிரிச்சோம். காத்துல புளிசோத்துல மண்ணு. ஒருத்தி சாப்பிட்டு முடிச்ச கையோட தண்ணி பாட்டிலைக் காலி பண்ணி கடல் தண்ணி பிடிச்சா. என்னடின்னா, அவுக அப்பத்தா சொல்லிவிட்டாங்களாம், ஆடி அமாவாசை வியாழக்கிழமை வருது, கடலுக்குப் போக முடியாது, தண்ணியாவது கொண்டா தலையில தெளிச்சுக்கிறேன்னு. இது நல்ல யோசனையா இருக்கேன்னு அப்ப நெனச்சுக்கிட்டேன், இதான் பின்னாடி பெரிய பஞ்சாயத்தாப் போகும்னு தெரியல.

அங்கிருந்து வேன்ல போனது பேக்கரும்புல இருக்குற அப்துல் கலாம் நினைவிடம். 2017 ஜூலை 27ல திறந்தது. உள்ள போட்டோ எடுக்கக் கூடாது, அதனால செல்ஃபி தொல்லை இல்லாம பிள்ளைக நிஜமாவே பாத்தாங்க. ராக்கெட் மாடல் முன்னாடி கூட்டம். ஆனா நான் சொன்னதுல அவங்களுக்குப் பிடிச்சது ராக்கெட் இல்ல, பேப்பர் போட்ட கதை. ரெண்டாம் உலகப்போர் நேரத்துல ராமேஸ்வரத்துல ரயில் நிக்கிறதை நிறுத்திட்டாங்க, தனுஷ்கோடி போற வழியில ஓடுற ரயில்ல இருந்து பேப்பர் கட்டை வீசுவாங்க, அதை எடுத்து ஊருக்குள்ள போடுற சொந்தக்காரருக்கு சின்னப் பையன் கலாம் ஒத்தாசை. அவரு வாங்கின முதல் சம்பளம் அது. உடனே ஒரு கேள்வி: "டீச்சர், தனுஷ்கோடிக்கு ரயில் போச்சா? அப்ப நம்மளும் ரயில்லயே போலாம்ல, எதுக்கு வேனு?"

வேன்ல போகும்போது பதில் சொன்னேன். ஒரு காலத்துல மெட்ராஸ் எழும்பூர்ல போட் மெயில்ல ஏறினா நேரா தனுஷ்கோடி, அங்க எறங்கி கப்பல்ல தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில்ல கொழும்பு. ஒரே டிக்கெட். 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பன்ல இருந்து 653ஆம் நம்பர் பாசஞ்சர் நடுராத்திரிக்குச் சற்று முன்னாடி கிளம்புது. பயணிகளும் ரயில்வே ஆளுகளுமா 115 பேருன்னு கணக்கு. தனுஷ்கோடி கிட்ட வரும்போது புயல்ல சிக்னல் எரியல. டிரைவர் நின்னு பாக்குறாரு, சிக்னல் வரல, நீளமா விசில் அடிச்சுட்டு மெதுவா எடுக்குறாரு. அலை ஏறி வந்து மொத்த ரயிலையும் இழுத்துட்டுப் போயிருச்சு. ஊரும் போச்சு.

வேன்ல சத்தமே இல்ல. காலைல இருந்து மைக் செட் மாதிரி இருந்த 41 பேரு. அப்புறம் பின் சீட்டுல இருந்து கமெண்ட்ரிதான், சாதாரணக் குரல்ல கேட்டான், "சிக்னல் விழாட்டி எடுக்கக் கூடாதுல்ல டீச்சர்?"

அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. மழையும் இருட்டுமா அந்த டிரைவர் என்ன நெனச்சாரோ, பின்னாடி அத்தனை பேரு உக்காந்திருக்காங்க, ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு, நின்னாலும் பயம் போனாலும் பயம். பழைய பாம்பன் பாலத்துல காத்து வேகம் அளக்குற மீட்டர் வச்சிருந்தாங்க, மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா சிக்னல் தானா சிவப்புக்குப் போயிரும்னு மட்டும் சொன்னேன். அவன் "அன்னைக்கு?"ன்னான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

தனுஷ்கோடில இப்ப இருக்குறது மேல்கூரை இல்லாத சர்ச்சு, ஸ்டேஷனோட ரெண்டு மூணு செவரு, ஒரு தண்ணித்தொட்டி, சுத்தி சங்கு பாசி விக்கிற கடைக. மீனவங்க குடிசை போட்டு இருக்காங்க, அவங்க பிள்ளைகளுக்கு ஒரு அரசுப் பள்ளியும் இருக்கு. அதைப் பாத்ததும் எங்க பிள்ளைகளுக்கு வந்த சந்தேகம், "இவுக எங்கிட்டு டீச்சர் டூர் போவாக?" ஒருவேளை உசிலம்பட்டிக்கு வருவாங்களோ என்னவோ.

அங்கிருந்து அரிச்சல்முனை, ரோடு முடியுற எடம். ஒரு பக்கம் பாக் நீரிணை, தண்ணி குளம் மாதிரி கிடக்கு, அதைப் பெண் கடல்ங்குறாங்க. மறுபக்கம் மன்னார் வளைகுடா, ஆடிக் காத்துல அது போட்ட ஆட்டம் இருக்கே, அது ஆண் கடல். நடுவுல நிக்கிற மண்ணு கொஞ்சூண்டு. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு கிளாஸ்ல பழமொழி எழுதிப் போட்டவ நான், என் குடை பறந்ததை 41 பேரும் கைதட்டி வழியனுப்பினாங்க.

அங்கதான் சண்டை ஆரம்பிச்சுது. பசங்க, ஆண் கடல்தான் ஸ்ட்ராங்கு, அதுலதான் உப்பு ஜாஸ்தின்னாங்க. பொண்ணுங்க, ஆடாம அசையாம வெயில்ல காயுற தண்ணிலதான உப்பு கூட இருக்கும், உப்பளத்துல தேக்கித்தான வைக்கிறாங்கன்னாங்க. ரெண்டும் ஒரே கடல்தான்டான்னு தமிழ் ஐயா சொன்னதை யாரும் காதுல வாங்கல. நான் சயின்ஸ் டீச்சரா போயிட்டேன், உப்பளப் பாயிண்ட்டைக் கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கல, சரி ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பாட்டில் பிடிங்க, ஸ்கூல்ல போயி காய்ச்சிப் பாத்துரலாம்னு சொல்லிட்டேன். பெண் கடல் பாட்டில் ஒரு நிமிஷத்துல வந்துருச்சு. ஆண் கடல்ல பிள்ளைகளை எறக்க முடியாது, சத்தியம் வேற பண்ணியிருக்கேன், போலீஸும் விசில் அடிச்சுக்கிட்டே நிக்கிறாங்க, அதனால பி.டி. சார் ஓரமா கல்லு மேல குனிஞ்சு பிடிச்சாரு. ஒரு அலை. இடுப்பு வரைக்கும். கபடில ரெய்டு போயி அவுட் ஆன மாதிரி திரும்பி வந்தாரு, ஆனா பாட்டிலை விடல. மதுரை வர்ற வரைக்கும் ஈர பேண்ட்டோடதான் உக்காந்திருந்தாரு மனுசன்.

சாயங்கால ரயில்ல வரும்போது பாலத்துல இருட்டு. பாதிப் பேரு தூங்கிட்டாங்க. கமெண்ட்ரி மட்டும் ஜன்னல்ல மூஞ்சியை வச்சுக்கிட்டு சிக்னல் லைட்டை எண்ணிக்கிட்டே வந்தான், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இருக்குறவங்கிட்ட "பச்சை"ன்னு மெதுவா சொல்லிக்கிட்டு. மானாமதுரை தாண்டித்தான் தூங்கினான்.

திங்கக்கிழமை லேப். ரெண்டு பாட்டில்லயும் 250 மில்லி அளந்து ஊத்தி, வடிகட்டி, ரெண்டு பீக்கர்ல காய்ச்ச ஆரம்பிச்சோம். ஸ்பிரிட் லேம்ப்ல வச்சா தீபாவளி வரைக்கும் ஆகும்னு சத்துணவு அக்கா அடுப்பையே குடுத்தாங்க, கடைசில நான் வெயில்லயும் வச்சு எடுத்தேன், மூணு நாளாச்சு. வெள்ளையா, கொஞ்சம் ஈரமா, நம்ம வீட்டு உப்பு மாதிரி இல்லாம லேசாக் கசக்குற உப்பு. கசக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, லேப்ல எதையும் வாயில வைக்கக் கூடாதுன்னு போர்டுல எழுதிப் போட்டிருக்கவளும் நான்தான். ஒரு லிட்டர் கடல் தண்ணில 35 கிராம் வாக்குல உப்பு இருக்கும், அப்ப கால் லிட்டருக்கு 9 கிராம் கிட்ட வரணும்னு முன்னாடியே போர்டுல கணக்குப் போட்டு வச்சிருந்தோம். எங்க தராசுல நிறுத்தா ஆண் கடல் 9. பெண் கடல் 9.

நான் அத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பொண்ணுங்க விடல. இந்தத் தராசு கிராமுக்குக் கீழ காட்டாது டீச்சர், 8.6ன்னாலும் 9தான், 9.4ன்னாலும் 9தான்னு ஒருத்தி கேக்குறா. அப்பத்தாவுக்குத் தண்ணி பிடிச்சாளே, அதே பொண்ணு. பசங்களும் இந்த ஒரு விஷயத்துல அவகூட சேந்துக்கிட்டாங்க. ரெண்டு உப்பையும் பொட்டலம் கட்டி பேரு எழுதி பீரோவுல பூட்டி வச்சிருக்கேன், சாவியை ரெண்டு கட்சியும் நம்பாம ஹெச்எம் சார்கிட்ட குடுக்கச் சொல்லிட்டாங்க. கமெண்ட்ரியோட மாமா உசிலம்பட்டில ஒரு அடகுக் கடைல வேலை பாக்குறாராம், தங்கம் நிறுக்கிற தராசு, மில்லிகிராம் காட்டுமாம். நாளைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்துல கொண்டுட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு.