என் பெயரில் பத்தொன்பது எழுத்து

காமிக்ஸ் ஓவியர் ஒருவரின் மேசை மேல் ஒரு அட்டையை நிறுத்தி வைத்திருந்தார்கள். கையால் எழுதியது. "முதல் 2 கையெழுத்து இலவசம். அதற்கு மேல் ஒன்றுக்கு 10 டாலர். விற்கவோ தரச்சான்றுக்கு அனுப்பவோ என்றால் ஒன்றுக்கு 30 டாலர். பெயர் போட்டு எழுதித் தரக் காசு கிடையாது." அதற்குக் கீழே, வேறு நிற மையில், பிற்பாடு சேர்த்த மாதிரி இன்னொரு வரி: "பொய் சொல்ல வேண்டாம்."

நான் முந்தின நாள் இரவே பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. அமெரிக்காவில் நாங்கள் இருந்த இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் காரில் போனால் ஒரு காமிக் கான், அதாவது காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் திருவிழா. என்னிடம் ஒரே இதழின் ஐந்து பிரதிகள் இருந்தன. ஒரு வில்லன் முதன்முதலாகத் தலைகாட்டும் இதழ். அவனை யாரும் சீந்தாத காலத்தில், பழைய காமிக்ஸ் பெட்டி ஒன்றை மொத்தமாக வாங்கியபோது அடியில் கிடந்தவை. பிறகு அவன் சினிமாவுக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டான். இந்தச் சந்தையில் 'முதல் தோற்றம்' என்றால் கதை சுமாராக இருந்தாலும் கவலையில்லை, விலை ஏறிக்கொண்டே இருக்கும். வரைந்தவரின் கையெழுத்தும் அட்டையில் விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வரைந்தவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். அந்தக் காமிக் கானுக்கு அவர் வருகிறார் என்று தெரிந்ததும் நான் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

கணக்கு எளிது. எனக்கு இரண்டு இலவசம். என் மனைவிக்கு இரண்டு இலவசம். ஐந்தாவது பிரதிக்கு மட்டும் யோக்கியமாக 30 டாலர் கொடுத்துத் தரச்சான்றுக்கு அனுப்புவது. ஏன் அந்த ஒன்றுக்கு மட்டும் யோக்கியம் என்றால், அங்கே பொய் சொல்ல வழி இல்லை. சி.ஜி.சி. என்று ஒரு நிறுவனம் 2000 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. இதழைச் சோதித்து, பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் அதைப் பார்க்கலாம், விற்கலாம், புரட்டிப் படிக்க மட்டும் முடியாது. கையெழுத்து விஷயத்தில் அப்போது அவர்கள் மகா கறார். அவர்களுடைய சாட்சி ஒருவர் பக்கத்தில் நின்று, பேனா அட்டையில் படுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் மஞ்சள் லேபிள். பார்க்காவிட்டால் பச்சை லேபிள், அதாவது அட்டையில் யாரோ எதையோ எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கொலை வழக்கில்கூடச் சூழ்நிலைச் சாட்சியத்தை ஏற்றுக்கொள்கிறார்கள்.

மண்டபத்தின் ஒரு பக்கம் நடிகர்கள். அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை. நடிகருக்குப் பக்கத்தில் ஒரு உதவியாளர் இருந்து பணத்தை வாங்கிக்கொள்கிறார். நடிகரின் கையில் காசு படுவதே இல்லை, அவர் சிரிப்பதும் எழுதுவதும் மட்டும்தான். ரசிகர்களும் கோயில் வரிசை மாதிரி பயபக்தியோடு நகர்கிறார்கள். மறுபக்கம் 'ஆர்டிஸ்ட் ஆலி'. இங்கே ஓவியர் தனியாளாக உட்கார்ந்திருப்பார். பெரும்பாலானவர்கள் மேசைக்கு வாடகை, ஓட்டல், போக்குவரத்து எல்லாவற்றையும் தம் கைக்காசிலிருந்துதான் கொடுத்திருப்பார்கள். காசை வாங்கித் தகர டப்பாவில் போடுவதும் அவரே, சில்லறை தேடுவதும் அவரே. அப்படி ஒரு மனிதரைப் பார்த்தால் நமக்கு உடனே பேரம் பேசத் தோன்றிவிடுகிறது. "ஒரு கையெழுத்துக்கு ரெண்டு வினாடிதானே ஆகும், அதற்குப் போய்ப் பத்து டாலரா?" என்று எனக்கு முன்னால் நின்றவர் முணுமுணுத்தார். அவர் கையில் இருந்த தள்ளுவண்டியில் குறைந்தது நாற்பது இதழ் இருக்கும். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். நாற்பது வைத்திருப்பவரோடு ஒப்பிட்டால் நான் உத்தமன்.

என் முறை வந்தது. இரண்டு பிரதிகளை நீட்டினேன். பெரியவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"விற்பதற்கா?"

"ஐயோ, இல்லை. படிக்க."

"ஒரே இதழ் இரண்டு இருக்கிறதே?"

இந்தக் கேள்வியை நான் ஒத்திகை பார்த்திருந்தேன். "ஒன்று படிக்க, ஒன்று பத்திரமாக வைத்துக்கொள்ள."

"அப்படியானால் பேரோடு எழுதித் தருகிறேன். உங்கள் பெயர்?"

இங்கேதான் மாட்டினேன். இது ஓவியர்களுடைய பழைய தந்திரம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். விற்கப்போகிற ஆள் பெயர் எழுத விடமாட்டான். 'இன்னாருக்கு அன்புடன்' என்று எழுதிய பிரதியை அந்த இன்னாரைத் தவிர யார் வாங்குவார்? உண்மையான ரசிகன் பெயர் எழுதச் சொன்னால் பூரித்துப் போவான். நான் பூரித்துப்போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என் பெயரைச் சொன்னேன்.

என் பெயர் ஆங்கிலத்தில் பத்தொன்பது எழுத்து.

"எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். டி, எச், ஐ, ஆர், யூ என்று ஆரம்பித்தபோது உற்சாகமாக எழுதினார். எட்டாவது எழுத்தில் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டாவது எழுத்தில் ஷார்ப்பி பேனாவை மூடி, கையை உதறிக்கொண்டு மறுபடி திறந்தார். அட்டையின் வலது ஓரத்தில் காலியாக இருந்த வானத்தில் தொடங்கிய என் பெயர், இடம் போதாமல் வளைந்து இறங்கி, வில்லனின் நெற்றி வழியாக மூக்கைக் கடந்து, தாடையில் முடிந்தது. அதற்கும் கீழே, மிச்சமிருந்த கால்விரல் இடத்தில், அவர் கையெழுத்து. இரண்டாவது பிரதியிலும் இதே ஊர்வலம். எனக்குப் பின்னால் இருந்த வரிசை பெருமூச்சு விட்டது. என் வாழ்நாளில் என் பெயர் இவ்வளவு பெரிய விபத்தை ஏற்படுத்தியதில்லை.

இரண்டு பிரதி போனது போனதுதான். அடுத்த அஸ்திரம் மனைவி. அவளிடம் இரண்டு பிரதிகளைக் கொடுத்து, "பெயர் கேட்டால் வேண்டாம்னு சொல்லிடு. என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்காதே" என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். அவளுக்குக் காமிக்ஸ் மேல் ஈடுபாடு கிடையாது. அதுவே நல்லது, முகத்தில் ஆசை தெரியாது என்று நினைத்தேன். முகத்தில் பொய்யும் நிற்காது என்பதை யோசிக்கவில்லை.

தூரத்திலிருந்து பார்த்தால் சிரிப்புச் சத்தமாக இருக்கிறது. அவள் ஏதோ கேட்கிறாள், அவர் விரல்களை நீட்டிக் காட்டுகிறார். அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பித் தூணைப் பார்த்தார்கள். பெரியவர் விரலை வளைத்து வா என்று கூப்பிட்டார்.

"என்ன சொன்னே?" என்றேன் போனதும்.

"ஒண்ணும் சொல்லலைங்க. விற்பதற்கான்னு கேட்டார். அவரைத்தான் கேட்கணும்னு சொன்னேன். எவர்னு கேட்டார்."

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஐந்து பிரதி, ஒன்று தரச்சான்றுக்கு, இரண்டு விற்க, இரண்டு என் பெயரால் நாசம். ஐந்தாவதை எடுத்து வைத்து, சாட்சியையும் போய்க் கூட்டிவந்தேன். அவர் சட்டம் படித்த முகத்தோடு வந்து, இதழைப் போட்ட பிளாஸ்டிக் உறையில் கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சிறு சன்னல் வெட்டியிருப்பதைச் சரிபார்த்துவிட்டுக் கைகட்டி நின்றார். எனக்கு இப்போது நியாய உணர்வு பொங்கிவிட்டது. பிடிபட்ட பிறகு வருகிற நியாய உணர்வுக்கு வேகம் அதிகம்.

"இதற்கு 30 டாலர்" என்றேன்.

"வேண்டாம், 20 கொடுங்கள். அந்த இரண்டையும் உங்கள் பெயரால் நான்தானே மூடிவிட்டேன்."

"அட்டையில் 30 என்று இருக்கிறதே?"

"அட்டையை எழுதியது என் மகள். எனக்குக் காசு கேட்க வராது என்று எழுதி வைத்துவிட்டாள். அவள் போட்டது 40. நான்தான் அடித்து 30 ஆக்கினேன்."

"அப்போ 40 தருகிறேன்."

"அதெல்லாம் முடியாது. 25."

"மூன்றும் விற்கத்தான். மூன்றுக்கும் சேர்த்து 90."

"உங்கள் மனைவிக்கு விதிப்படி இரண்டு இலவசம். அவர் பொய் சொல்லவில்லை."

இப்படி ஒரு ஏலத்தை அந்த மண்டபம் பார்த்திருக்காது. கொடுப்பவன் ஏற்றுகிறான், வாங்குபவர் இறக்குகிறார், இருவருக்கும் கோபம் வருகிறது. தள்ளுவண்டிக்காரர் எங்கிருந்தோ திரும்பி வந்து வேடிக்கை பார்த்தார். சாட்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "இதற்கும் நான் சாட்சி சொல்ல வேண்டியிருக்குமா?" என்று கேட்டார். கடைசியில் என் மனைவி பர்ஸைத் திறந்து 60 டாலரை எண்ணித் தகர டப்பாவுக்குள் போட்டு மூடியை அழுத்தினாள். "சாட்சி எடுத்ததுக்கு 30. மத்த ரெண்டுக்கும் சேர்த்து 30. ரெண்டு பேரும் கையை எடுங்க." எடுத்தோம்.

கையெழுத்து விழுந்தது. மை காயும் வரை உறையை மூடக்கூடாது, அப்பிவிடும். அந்தச் சில நிமிடங்களில்தான் அவர் பேசினார். அந்த இதழை வரைந்தபோது பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினாராம், பாத்திரம் நிறுவனத்துக்குச் சொந்தம். வில்லன் சினிமாவுக்குப் போனபோது அவர் டிக்கெட் எடுத்துத்தான் பார்த்தாராம். இதைப் புகார் மாதிரிச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுப் பையன் வெளியூரில் நன்றாக இருக்கிறான் என்பது மாதிரிச் சொன்னார்.

காய்ந்ததா என்று பார்க்க முதல் இரண்டு பிரதிகளையும் வெளியே எடுத்து வைத்தேன். என் மனைவி குனிந்து பார்த்தாள். "ஏங்க, இதில ஒண்ணுல எச் இல்லையே?" என்றாள் தமிழில். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் விரலை அந்த இடத்தில் வைத்துச் சொன்னாள்.

பெரியவர் எட்டிப் பார்த்தார். டி-க்கு அடுத்த எச்சை விட்டிருந்தார். ஆக, பதினெட்டு எழுத்து. நான் பரவாயில்லை என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "உங்களுக்கு சூப்பர்மேன் காசோலைக் கதை தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

தெரியும், ஆனால் அவர் வாயால் கேட்கப் பிடித்திருந்தது. ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் 1938-ல் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். வேறு வேலைகளுக்கான பணமும் சேர்த்து 412 டாலருக்கு ஒரு காசோலை வந்தது. அதில் இருவர் பெயரையும் தப்பாக எழுதியிருந்தார்கள். அதனால் பின்பக்கத்தில் ஒருமுறை தப்பான பெயரிலும் ஒருமுறை சரியான பெயரிலும் என ஆளுக்கு இரண்டு கையெழுத்து போட வேண்டியிருந்தது. பல வருட வழக்குக்கும் வறுமைக்கும் அப்புறம் 1975-ல்தான் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் என்று உதவித்தொகை கிடைத்தது. 2012-ல் அந்தக் காசோலையே ஏலத்துக்கு வந்தது. 1,60,000 டாலருக்குப் போனது.

"130 டாலருக்கு சூப்பர்மேன், 1,60,000-க்கு அவர்கள் போட்ட கையெழுத்து" என்றார். "அதுவும் தப்பு எழுத்தோடு. அதனால் உங்கள் எச்சை நான் சேர்க்கப்போவதில்லை." பேனாவை மூடிவிட்டார். வரிசையில் அடுத்து நின்றது ஒரு சிறுவன், கையில் அட்டை கிழிந்த ஒரே ஒரு இதழ். அவன் பெயர் மூன்றே எழுத்து. பெரியவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் கவனிக்காமல் இல்லை.

மஞ்சள் லேபிள் பிரதி சில மாதங்கள் கழித்து வந்தது. மனைவி வாங்கிய இரண்டும் ஒரே வாரத்தில் விற்றுப்போயின, 60 டாலர் போகக் கையில் கொஞ்சம் நின்றது. பெயர் எழுதிய இரண்டையும் சும்மா விற்பனைக்குப் போட்டு வைத்தேன். ஆறேழு மாதம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும், பெயரை அழிக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றதும் வில்லன் முகத்தோடு சேர்த்தாவது அழிக்க முடியுமா என்று கேட்டார்.

அப்புறம் ஒரு நாள் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டேன். என் பெயர். முழுதாக, அப்படியே. ஒரே வித்தியாசம், ஆங்கிலத்தில் அவர் டி-க்குப் பிறகு எச் போடுவதில்லையாம், பள்ளிச் சான்றிதழில் அப்படி விழுந்துவிட்டதாம். அதனால் எச் இல்லாத அந்தப் பிரதி தனக்காகவே எழுதிய மாதிரி இருக்கிறது, பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை, கட்டாயம் வேண்டும் என்று எழுதியிருந்தார்.

நான் விலையைச் சொன்னேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. பெயர் எழுதிய பிரதிக்குச் சந்தையில் மதிப்புக் குறைவுதானே, கொஞ்சம் பார்த்துப் போட்டுத் தரக்கூடாதா என்று கேட்டிருந்தார்.