பலாத்தூளில் மஞ்சள் நூல்

கிழக்கிலங்கையில் மருதமுனைப் பக்கம் வீட்டில் தறி வைத்து நெய்யும் பெண்களிடம் இயற்கைச் சாயத்தைப் பற்றிக் கேட்டால், "அது வெளுத்துப் போகும்" என்று சொல்பவர்கள் உண்டு. வெளுப்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் பிழை சாயத்தில் இல்லை, சாயத்துக்கு முன்னால் நூலைப் பக்குவப்படுத்தியதில். (மஞ்சள்தூள் சாயம் வேறு கதை. அது வெயிலில் நிற்கவே நிற்காது, விட்டுவிடுங்கள்.)

பலாமரத் தூளில் மஞ்சள் ஏற்ற, ஒரு கிலோ பருத்திக் கழிநூலுக்கு (வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல்) கணக்கு இது. முதலில் 30 லீட்டர் தண்ணீரில் 30 கிராம் சலவைச் சோடாவும் கொஞ்சம் சவர்க்காரமும் போட்டு ஒரு மணித்தியாலம் அவிக்க வேண்டும். தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வரும். பருத்தியில் இருக்கும் மெழுகும் பசையும் கழன்று வருவதுதான் அது. அலசிக் காய்ந்த நூலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் திரும்ப அவியுங்கள். கழியைக் கட்டும் கயிறு இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். இறுக்கினால் கட்டிய இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். தறியில் ஏற்றிய பிறகுதான் கண்ணில் படும்.

அடுத்தது கடுக்காய். கொட்டை நீக்கி இடித்த தூள் 200 கிராமைச் சுடுதண்ணீரில் கரைத்து, நூலை இரவு முழுக்க ஊறவிட்டு, பிழிந்து நிழலில் காயப்போட வேண்டும். இந்த இடத்தில் அலசக் கூடாது. அலசினால் கடுக்காய் வீண். பிறகு 150 கிராம் படிகாரத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து, வேறாகக் கரைத்த 20 கிராம் சலவைச் சோடாவைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். நுரைத்துப் பொங்கும், அடங்கிய பின்தான் அடுத்த ஊற்று. அவசரப்பட்டோ கூடுதலாகவோ ஊற்றினால் வெள்ளை மண்டி விழும், அது நூலில் பிடிக்காது. இதிலும் ஓர் இரவு ஊறட்டும். பிறகு இலேசாக அலசினால் போதும்.

பலாத்தூள் தச்சுப் பட்டறையில் கிடைக்கும். மரத்தின் நடுவில் இருக்கும் மஞ்சளான வைரப்பகுதிதான் வேண்டும். வெளிறிய ஓரப்பகுதியில் சாயம் இல்லை, வேறு மரத்தூள் கலந்தால் நிறம் மங்கும். ஒரு கிலோ தூளைத் துணிப்பையில் கட்டி இரவு ஊறவைத்து, ஒரு மணித்தியாலம் கொதிக்கவைத்துப் பையை எடுத்துவிடுங்கள். சாறு வெதுவெதுப்பாக இருக்கும்போது நூலை இறக்கி, மெல்லச் சூடேற்றி, கொதிக்கவிடாமல் ஒரு மணித்தியாலம் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்புச் சட்டியில் மஞ்சள் பாசிநிறமாகிவிடும். பாசிநிறமே வேண்டும் என்று துருத்தண்ணீர் சேர்ப்பவர்கள் ஊடைநூலுக்கு (துணியில் குறுக்கே ஓடும் நூல்) மட்டும் சேர்க்கலாம். இரும்பு கூடினால் நூல் இற்றுப்போகும், பாவில் (தறியில் நெடுக இழுத்துக் கட்டும் நூல்) அறுந்துகொண்டே இருக்கும்.

பாவு நூல் முழுவதையும் ஒரே பானையில் போடுங்கள். இரண்டு தடவையாகப் போட்டால் துணியில் நெடுக வரி விழும். ஊடைநூல் இரண்டு பானையில் பிரிந்துவிட்டால் பயமில்லை: இரண்டு நாடாவில் (ஊடைநூலைக் குறுக்கே கொண்டு ஓடும் தறிக்கருவி) ஏற்றி, இரண்டிழைக்கு ஒருமுறை மாற்றி ஓட்டினால் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது.