தாண்டிக்குடி: பழம் எடுக்கும் நாட்கள்

டிசம்பர் 5

பழனி மலையில் உள்ள எங்கள் காபித் தோட்டத்தின் மேல்காட்டில் இரண்டாம் சுற்றுப் பழம் எடுப்பு இன்று தொடங்கியது. எஸ்.795 என்ற அரபிகா ரகச் செடிகள் நன்றாகச் சிவந்துவிட்டன; கீழ்க்காட்டில் இன்னும் பாதி பச்சைதான். கொத்தோடு உருவினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அப்பா அதற்கு ஒருநாளும் சம்மதிக்க மாட்டார். பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தில் பச்சைக்காய் உரியாமல் நசுங்கும், காபியில் துவர்ப்பு ஏறும்.

மாலை எடை போட்டதும் பழத்தைத் தொட்டித் தண்ணீரில் கொட்டி, மிதந்ததை அள்ளித் தனியே வைத்தோம். காய்த்துளைப்பான் வண்டு விழுந்த பழம் பெரும்பாலும் மிதப்பில் வந்துவிடும். அது அப்படியே தோலோடு காயட்டும்; அதைத்தான் செரி என்போம். மீதியை இன்றைக்கே பல்ப்பரில் விட்டாயிற்று. ராத்திரி சாக்கில் கிடந்தால் பழம் சூடேறிக் கெட்டுப்போகும்.

டிசம்பர் 6

தோல் உரித்துத் தொட்டியில் புளிக்க விட்ட கொட்டை இன்னும் கழுவும் பதத்துக்கு வரவில்லை. நாங்கள் இருப்பது 4,000 அடிக்கு மேல். இந்தக் குளிரில் கொட்டையின் வழுவழுப்பு மெதுவாகத்தான் விடும்.

டிசம்பர் 7

விடியும் முன்பே அப்பா தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் தேய்த்துவிட்டு என் கையில் வைத்தார். "கூழாங்கல்லு மாதிரி உரசுதா பாரும்மா. ம்... இப்பக் கழுவலாம்." நேற்று மாலை இதே கொட்டை விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போனது. மணி பார்த்துக் கழுவினால் தப்பாகிவிடும். முன்னே கழுவினால் வழுவழுப்பு ஒட்டிக்கொண்டு களத்தில் பூசணம் பிடிக்கும். பிந்தினால் புளித்த வாடை கொட்டைக்குள்ளேயே போய்விடும், வறுத்தாலும் போகாது.

மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினோம். கழுவிய தண்ணீர் சுண்ணாம்பு போட்ட குழிக்குப் போகிறது. இந்த மலை ஓடைகள் கீழே மருதாநதி அணைக்குப் போகின்றன. ஓடையில் விடுவது எளிதுதான், ஆனால் செய்யக்கூடாத வேலை.

டிசம்பர் 10

நடு ராத்திரியில் தூறல். வீடே எழுந்து ஓடித் தார்ப்பாய் போட்டோம். பகலிலும் வெயில் இல்லை. அம்மாவும் சித்தியும் வலைக்கட்டிலில் கழுவிய கொட்டையை, அதாவது பார்ச்மென்ட்டை, மெல்லிசாகப் பரப்பிக் கிளறிக்கொண்டே இருந்தார்கள்.

வியாபாரி ஒருவர் வந்து, "இந்த மழையில ஏன் பாடுபடுறீங்க, பழமாவே குடுத்துடுங்க" என்றார். கையில் உடனே பணம் கிடைக்கும், உண்மைதான். சுமார் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ காபிப் பருப்புதான் தேறும். நடுவில் இத்தனை வேலை. ஆனால் பழமாகக் கொடுத்தால் பார்த்துப் பார்த்து எடுத்ததும் உருவி எடுத்ததும் ஒரே லாரியில் கலந்துவிடும். எங்கள் மேல்காட்டுக் காபி தனிக் காபியாக வெளியே போக வேண்டுமென்றால் பல்ப்பரும் களமும் எங்கள் கையில் இருக்க வேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் இதில் ஒரே பேச்சு. நானும்தான்.

டிசம்பர் 19

நான்கு நாள் நல்ல வெயில். ஒரே படியால் அளந்து தினமும் எடை போடுகிறோம். நேற்றும் இன்றும் எடை இறங்கவில்லை, காய்ந்துவிட்டது. ஒரு படிக் கொட்டையை உடைத்துப் பார்த்தோம். பருப்பு நீலம் கலந்த பச்சை, ஓரத்தில் வெளுப்பே இல்லை. அம்மா இரும்புச் சட்டியில் கொஞ்சம் வறுத்து, சிக்கரி கலக்காமல் போட்டுக் கொடுத்தார். துவர்ப்பு துளிகூட இல்லை. சரி, மூட்டை பிடிக்கலாம். நாளையிலிருந்து கீழ்க்காடு.